புற்றுநோய் ஏன் திரும்பி வருகிறது?

மருந்து கொடுக்கப்பட்டது, கட்டி கரைந்தது, நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கினார், வீட்டார் நிம்மதியாக மூச்சு விட்டனர். ஓராண்டோ ஈராண்டோ கழிந்தபின் அதே நோய் திரும்பி வந்தது. முன்பு கைகொடுத்த மருந்து இம்முறை பலிக்கவில்லை. புற்றுநோய் புகுந்த எத்தனையோ குடும்பங்களின் கதை இதுதான். அவ்வேளையில் எழும் கேள்விகளும் எங்கும் ஒரே மாதிரியானவையே. மருந்து போலியா? டாக்டர் அசட்டையாக இருந்துவிட்டாரா? பத்தியம் தவறிவிட்டதா? நாம் செய்த பாவமா?

பெரும்பாலான சமயங்களில் இவற்றுள் எதுவும் காரணம் அன்று. காரணம் அந்த நோயின் இயல்பிலேயே இருக்கிறது. அந்த இயல்பை அறிந்துகொண்டால் வீண் பழியும் வீண் மனத்தாங்கலும் குறையும். அதோடு, நலமடைந்துவிட்டதாகத் தோன்றும் ஒருவர் மருந்தைத் தாமாக நிறுத்தலாமா என்ற உயிர் போகும் கேள்விக்கும் விடை கிடைக்கும். மருத்துவம் பயிலாத நண்பர்களும் புரிந்துகொள்ளும்படி அதை இங்கே சொல்லிப் பார்க்கலாம்.

உடலின் குருத்துகள்

நம் உடல் ஏறத்தாழ 37 லட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனையும் தாயின் வயிற்றில் உருவான ஒரே ஓர் அணுவிலிருந்து வந்தவை. ஆகவே தோலின் அணுவும் ஈரலின் அணுவும் மூளையின் அணுவும் ஏறக்குறைய ஒரே மரபுச் செய்தியைத்தான் சுமந்துகொண்டிருக்கின்றன. பின் அவை வேறுபடுவது எப்படி? ஒரு பெரிய நூல்நிலையத்தில் நூறு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஆளுக்கொரு புத்தகத்தைத்தானே திறந்து படிக்கிறார்கள்? அதுபோலவே ஒவ்வோர் அணுவும் தனக்கு வேண்டிய ஜீன்களை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவைத்திருக்கிறது.

இந்த அணுக்களில் பல அற்பாயுள் உடையவை. இரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து மடிகிறது. அந்த இழப்பை ஈடு செய்ய விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறந்தாக வேண்டும். அவற்றைப் பெற்றுத் தருபவை எலும்பு மஜ்ஜையில் ஒதுங்கியிருக்கும் சில அணுக்கள். இவற்றைக் குருத்தணுக்கள் என்பர். வாழை குலை தள்ளியதும் மடிகிறது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடியும் கன்று விடுகிறது. குருத்தணு அந்தக் கிழங்கைப் போன்றது. தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவையும் அதனால் உண்டாக்க முடியும். பல வகை வேலைக்கார அணுக்களையும் உண்டாக்க முடியும்.

குருத்தணுக்களுக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. அவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும், வேண்டியபோதுதான் பிரியும். நச்சுப் பொருள் உள்ளே வந்தால் வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் அவற்றின் சுவரில் ஏராளம். உடலின் முதலீடு அவை அல்லவா? இயற்கை அவற்றைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக் காக்கிறது.

புற்றுநோய்க்கு மருந்து செலுத்திக்கொள்பவர்களுக்குத் தலைமயிர் உதிர்வதைப் பார்த்திருப்போம். வழக்கமான கீமோ மருந்துகள் விரைவாகப் பிரியும் அணுக்களைக் குறிவைத்துக் கொல்பவை. மயிர்க்காலின் அடியிலுள்ள அணுக்களும் விரைவாகப் பிரிபவை. ஆகவே அவையும் சாகின்றன, மயிர் கொட்டுகிறது. ஆனால் சிகிச்சை முடிந்து சில மாதங்களில் மயிர் மீண்டும் முளைத்துவிடுகிறது. மயிர்க்காலின் ஓரத்தில் உறங்கிக் கிடந்த குருத்தணுக்கள் மருந்துக்குத் தப்பியதே அதற்குக் காரணம். உடலுக்கு இது பெரும் பாக்கியம். ஆனால் இதே தந்திரம் புற்றுநோயின் கைக்கும் கிட்டியிருக்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதல் வழி: எழுத்துப் பிழை

மருந்து பலிக்காமற் போவதற்கு நெடுநாளாக ஒரே விளக்கம் சொல்லி வந்தார்கள். புற்றணு பிரியும்போதெல்லாம் அதன் மரபுச் செய்தியில் எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. கோடிக்கணக்கான அணுக்களில் ஏதோ ஒன்றில் நேர்ந்த பிழை, தற்செயலாக, மருந்து வந்து பொருந்தும் இடத்தையே மாற்றிவிடுகிறது. பூட்டு மாறிவிட்டால் சாவி என்ன செய்யும்? மற்ற அணுக்கள் சாக, அந்த ஓர் அணுவின் வமிசம் மட்டும் பெருகுகிறது.

இது பொய்யன்று. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் என்ற மாத்திரை 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதே ஆண்டிலேயே, அந்த மருந்துக்கு அடங்காத சிலரிடம் இத்தகைய பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் கதை இவ்வளவோடு முடியவில்லை. எழுத்துப் பிழை எதுவும் இல்லாதபோதும் நோய் தப்பிப் பிழைப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இரண்டாவது வழி: மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு

மேலே சொன்ன இரத்தப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். இதன் மூலகாரணம் நன்கு அறியப்பட்டது. 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்துப்போன குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வருவது அது என்று 1973-ல் ஜேனட் ரௌலி என்ற அம்மையார் விளக்கினார். துண்டுகள் ஒட்டிய இடத்தில் புதிதாக ஒரு புரதம் பிறக்கிறது. அது, 'பிரி, பிரி' என்று அணுவுக்கு ஓயாமல் கட்டளை இட்டுக்கொண்டே இருக்கிறது. இமாடினிப் அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிறது. முன்பு சில ஆண்டுகளில் உயிரைக் குடித்த நோய், தினம் மாத்திரை விழுங்கி நெடுங்காலம் வாழக்கூடிய நோயாக மாறியது.

அப்படியானால் இரத்தத்தில் நோயின் சுவடே தெரியாமற் போனபின் மாத்திரையை நிறுத்திவிடலாமே? பிரான்சு நாட்டு மருத்துவர்கள் இதைச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டனர். மிக நுண்ணிய சோதனையிலும் ஈராண்டுக்குக் குறையாமல் நோய் தென்படாதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்காணிப்புடன் மருந்தை நிறுத்தினர். ஓராண்டாவது தொடர்ந்து கவனிக்கப்பட்ட 69 பேரில் 42 பேருக்கு நோய் திரும்பியது. அவர்களில் 40 பேருக்கு முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே திரும்பியது. உடனே கண்டு மருந்தைத் தொடங்கியதால் நோய் மறுபடி அடங்கியது.

நோய் எங்கே ஒளிந்திருந்தது? எலும்பு மஜ்ஜையில், புற்றுநோயின் குருத்தணுக்களில். அங்கேயும் இமாடினிப் சென்று அந்தப் புரதத்தின் வாயை அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் குருத்தணு தன் உயிர் வாழ்வுக்கு அப்புரதத்தை நம்பியிருக்கவில்லை என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. வேலைக்கார அணு பட்டினியில் சாகிறது. குருத்தணுவோ உறங்கிப் பிழைக்கிறது. வயலில் கோரையை அறுத்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். மேலே உள்ள புல்லை எத்தனை முறை அறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும் வரையில் கோரை போகாது.

புற்றுநோயிலும் குருத்தணுக்கள் உண்டு என்ற கருத்துக்கு வலுவான சான்று 1994-ல் கனடாவின் டொரான்டோ நகரில் ஜான் டிக் என்பவரின் குழுவிடமிருந்து கிடைத்தது. கடும் இரத்தப் புற்றுநோயாளிகளின் அணுக்களை எதிர்ப்புச் சக்தி குறைந்த சுண்டெலிகளில் செலுத்தியபோது, ஒரு சிறு பிரிவைச் சேர்ந்த அணுக்கள் மட்டுமே நோயைப் புதிதாகத் தொடங்கின. 2003-ல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தார் மார்புப் புற்றிலும் இவ்வாறே கண்டனர். ஒரு வகை அணுக்கள் நூறு இருந்தாலே சுண்டெலியில் கட்டி வளர்ந்தது. மற்ற வகை அணுக்கள் பல்லாயிரக் கணக்கில் இருந்தும் வளரவில்லை.

இதைக் கேட்டதும், 'கிழங்கைத் தோண்டி எறிந்தால் தீர்ந்தது' என்று தோன்றும். அறிஞர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதற்குள் வேறொரு சிக்கல் தலைகாட்டியது.

மூன்றாவது வழி: வேடம் மாறுதல்

2008-ல் அதே மிச்சிகனில் மாரிசன் என்பவரின் குழு, மெலனோமா என்ற தோல் புற்றை ஆராய்ந்தது. எதிர்ப்புச் சக்தி இன்னும் அதிகமாக நீக்கப்பட்ட சுண்டெலிகளை அவர்கள் பயன்படுத்தினர். அப்போது ஏறத்தாழ நான்கு அணுக்களில் ஒன்று புதுக்கட்டியைத் தொடங்க வல்லதாக இருந்தது. அபூர்வம் என்று எண்ணிய குருத்துக் குணம், அந்தப் புற்றில் அப்படி ஒன்றும் அபூர்வமாக இல்லை.

பின்னர் 2011-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மார்புப் புற்றின் அணுக்களை மூன்று வகையாகப் பிரித்துத் தனித்தனியே வளர்த்துப் பார்த்தனர். அவற்றுள் குருத்தணுவைப் போன்றவை ஒரு வகை. சில நாட்களில் ஒவ்வொரு கிண்ணத்திலும் மூன்று வகைகளும் தோன்றி, பிரிப்பதற்கு முன்பு இருந்த அதே விகிதத்துக்குத் திரும்பிவிட்டன! குருத்தல்லாத அணுவும் குருத்தாக மாறிற்று. கிழங்கைத் தோண்டி எறிந்தால் புல்லே மறுபடியும் கிழங்காகிவிடும் என்றால் உழவன் என்ன செய்வான்?

இந்த மாறும் இயல்பை விஞ்ஞானிகள் பிளாஸ்டிசிட்டி என்கின்றனர். நெகிழ்தன்மை என்று நாம் சொல்லலாம். இதை விளங்கிக்கொள்ள வாடிங்டன் என்ற ஆங்கில அறிஞர் 1957-ல் வரைந்து காட்டிய படம் ஒன்று உதவும். மலைச்சரிவின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. சரிவு பல பள்ளத்தாக்குகளாகக் கிளைக்கிறது. பந்து உருண்டு ஏதேனும் ஒரு பள்ளத்தாக்கில் போய்த் தங்குகிறது. ஒரு பள்ளத்தாக்கு தோலணு, ஒன்று ஈரலணு, ஒன்று நரம்பணு. இறங்கிய பந்து தானாக மேலேறாது. அடுத்த பள்ளத்தாக்குக்கும் தாவாது. எனினும் அது அறவே முடியாத செயல் அன்று. முதிர்ந்த அணுவின் கருவிலிருந்தே முழுத் தவளையை வளர்க்க முடியும் என்று 1962-ல் ஜான் கர்டன் காட்டினார். நான்கு ஜீன்களைக் கொண்டு முதிர்ந்த தோலணுவைக் குருத்தணுவாக்கலாம் என்று 2006-ல் ஜப்பானியரான யாமனாகா காட்டினார். இருவருக்கும் 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது.

புற்றணுவில் மேடுகள் தேய்ந்து, பள்ளத்தாக்குகள் ஆழமற்றுப் போகின்றன. பந்து எளிதில் இடம் மாறுகிறது. மருந்து என்னும் புயல் ஒரு பள்ளத்தாக்கைத் தாக்கினால் அடுத்ததில் போய் ஒதுங்கிக்கொள்கிறது. இதற்கு எழுத்துப் பிழை எதுவும் தேவையில்லை. திறந்திருந்த புத்தகத்தை மூடி, வேறொன்றைத் திறந்தால் போதும்.

நுரையீரல் புற்றில் இது தெளிவாகத் தெரிகிறது. வளர்ச்சிக் கட்டளையை அடக்கும் மருந்தை நுரையீரல் புற்றணுக்கள் மீது இட்டு 2010-ல் அமெரிக்காவில் சோதித்தனர். ஆயிரத்துக்குச் சுமார் மூன்று அணுக்கள் மட்டும் சாகாமல் கிடந்தன. அவற்றில் மருந்தை முறிக்கும் புதுப் பிழை எதுவும் காணப்படவில்லை. மருந்தை எடுத்ததும் அவை பெருகின. அவற்றின் சந்ததி மறுபடியும் அதே மருந்துக்கு அடங்கியது. அதாவது, அவை மருந்தை வென்றவை அல்ல. மூச்சை அடக்கிக்கொண்டு புயல் கடந்துபோகும் வரையில் பதுங்கியிருந்தவை. பெனிசிலின் மருந்துக்குச் சில கிருமிகள் இவ்வாறே பதுங்கித் தப்புவதை 1944-லேயே பிக்கர் என்பவர் எழுதிவைத்திருந்தார். இப்படிப் பதுங்கிக் கிடைக்கும் அவகாசத்தில்தான் நிலையான எழுத்துப் பிழைகளும் நேர்ந்துவிடுகின்றன. ஆகவே நாம் சொன்ன மூன்று வழிகளும் தனித்தனிப் பாதைகள் அல்ல. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுபவை.

இன்னும் வியப்பான செய்தி 2011-ல் வந்தது. இத்தகைய மருந்து பலிக்காமற்போன 37 நுரையீரல் புற்றுநோயாளிகளின் கட்டியிலிருந்து மறுபடியும் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். அவர்களில் 5 பேரிடம் கட்டி தன் இனத்தையே மாற்றிக்கொண்டு, சிறு அணுப் புற்று என்ற வேறு வகையாகிவிட்டிருந்தது. பழைய ஜீன் பிழை அப்படியே இருந்தது. ஆள் அதே ஆள்தான், வேடம் மட்டும் வேறு. சூரபத்மன் கடலாகவும் மாமரமாகவும் உருமாறி நின்ற கதையைக் கேட்ட நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

சூரனை மயிலாக்கிய மருந்து

மாமரமாக நின்ற சூரனை முருகன் அழித்தொழிக்கவில்லை. இரு கூறாக்கி, மயிலாகவும் சேவலாகவும் மாற்றித் தன் பணியில் அமர்த்திக்கொண்டான் என்பது கதை. மருத்துவத்திலும் அப்படி ஒன்று உண்மையாகவே நடந்திருக்கிறது.

கடும் புரோமைலோசைட் இரத்தப் புற்றுநோய் என்று ஒன்று உண்டு. இரத்தம் உறையாமல் கசிந்து, சில நாட்களிலேயே உயிரைக் கொண்டுபோகக்கூடிய கொடிய வியாதி. இதில் வெள்ளணுக்கள் பாதி வளர்ந்த நிலையில் நின்றுபோய், முதிராமலே பெருகுகின்றன. சீனாவின் ஷாங்காய் நகரில் வாங் ஷென்யீ என்ற மருத்துவரின் குழு, இவற்றைக் கொல்வதற்குப் பதிலாக முதிரச் செய்தால் என்ன என்று எண்ணியது. வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருளான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தது. புற்றணுக்கள் முதிர்ந்து, சாதாரண வெள்ளணுக்களைப் போல வாழ்ந்து, வயது முடிந்து மடிந்தன. 1988-ல் வெளியான அறிக்கையின்படி சிகிச்சை பெற்ற 24 பேருக்கும் நோய் முற்றிலும் தணிந்தது. பந்தைச் சரிவில் தள்ளி, சேர வேண்டிய பள்ளத்தாக்கில் சேர்த்துவிட்டார்கள்!

ஆனால் ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் நோய் திரும்பி வந்தது. இங்கேயும் கிழங்கு எஞ்சியிருந்தது. அதை அழிக்க உதவியது, நம் சித்த வைத்தியர்களும் அறிந்த வெள்ளைப் பாஷாணம். சீனாவின் ஹார்பின் நகரில் தொடங்கிய இச்சிகிச்சையில், பாஷாணம் அந்நோயின் மூலப் புரதத்தையே சிதைக்கிறது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்குப் பாஷாண மருந்தை மட்டுமே அளவறிந்து கொடுத்தார்கள். 62 பேருக்கு நோய் தணிந்தது. செலவு மிகுந்த மருந்துகளுக்கு வழியில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி. பிறகு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அமிலத்தையும் பாஷாணத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக அபாயம் இல்லாத பிரிவினரில் ஈராண்டுக்குப்பின் நூற்றுக்கு 97 பேர் நோயின் தொல்லையின்றி இருந்தனர் என்று 2013-ல் அறிவித்தனர். ஒன்று புல்லை முதிரச் செய்தது; மற்றொன்று கிழங்கை அழித்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் முழு வெற்றி கிட்டியது.

எல்லாப் புற்றுக்கும் இப்படி ஓர் இரட்டை மருந்து இன்னும் அகப்படவில்லை. கட்டியாக வளரும் புற்றுகளில் பள்ளத்தாக்குகள் பல, வழிகளும் பல. எனினும் வழி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை இந்த ஒரு வெற்றி காட்டிவிட்டது.

நாம் அறிந்துகொள்ள வேண்டியவை

இவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது: உடல் தேறிவிட்டது என்பதனாலோ, மாத்திரை தீர்ந்துவிட்டது என்பதனாலோ, ஊருக்குப் போகிறோம் என்பதனாலோ புற்றுநோய் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. பிரான்சில் நிறுத்தியவர்கள் நுண்ணிய சோதனைகளின் காவலில் நிறுத்தினார்கள். காவலின்றி நிறுத்துவது, கோரைக் கிழங்கு கிடக்கும் வயலைப் பாராமல் விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது: நோய் திரும்பும்போது டாக்டர் மறுபடியும் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும் என்றால், 'முன்பே எடுத்தாயிற்றே, கத்தி பட்டால் பரவுமே' என்று வீட்டார் மறுப்பதுண்டு. நோய் வேடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கவே அவர் கேட்கிறார். வேடம் மாறியிருந்தால் மருந்தும் மாற வேண்டும். பழைய சீட்டைப் பார்த்துப் புது நோய்க்கு மருந்து கொடுக்க முடியுமா?

மூன்றாவது: குருத்தணு என்ற சொல் இன்று விளம்பரங்களிலும் அடிபடுகிறது. இரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் கொடுக்கப்படுபவை நல்ல இரத்தக் குருத்தணுக்கள்; அது ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை. அதைத் தவிர, குருத்தணு ஊசி போட்டு எந்த நோயையும் தீர்ப்போம் என்று பணம் பறிப்பவர்களின் பேச்சை நம்பலாகாது. இரத்த நோய்களுக்கான அந்த மாற்றுச் சிகிச்சையை மட்டுமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு தன் 2017-ஆம் ஆண்டின் வழிமுறைகளில் ஏற்றுக்கொண்டது.

இந்தத் துறை மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் உரியது என்று மற்றவர்கள் எண்ண வேண்டாம். அணு ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது தாவும் என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கணிதத்தையும் கம்ப்யூட்டரையும் கொண்டு இதையே ஆராய்ந்து வருகிறார்கள். கணிதமோ பௌதிகமோ இரசாயனமோ பொறியியலோ, எதைப் படிப்பவர்க்கும் இங்கே வேலை இருக்கிறது.

அதுவரை நம்மால் ஆகக்கூடியது ஒன்றுண்டு. நோய் திரும்பிய வீட்டில், 'யார் செய்த தவறு இது?' என்று யாராவது மனம் நொந்து கேட்டால், 'யார் செய்த தவறும் அன்று; அந்த நோயின் குணம் அப்படிப்பட்டது; அடுத்த மருந்து எது என்று டாக்டரைக் கேட்போம், வாருங்கள்' என்று சொல்லி, அவர்களோடு ஆஸ்பத்திரி வரை போய் வரலாம். அதற்கு நாம் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.